குழந்தையின் நகத்தில் கருங்கோடு

எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் கட்டைவிரல் நகத்தில், அடியிலிருந்து நுனிவரை ஒரு கருங்கோடு ஓடுவதை ஆசிரியரோ பெற்றோரோ காண்பதுண்டு. மையென்று எண்ணித் துடைத்தால் அது போவதில்லை. புற்றுநோயோ என்னும் அச்சம் உடனே எழுகிறது. அவ்வச்சம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை அறிதல் நலம்.

நகம், அடித்தோலுக்குள் மறைந்துள்ள நகவேரில் உருவாகிறது. மெலனின் எனும் கருநிறப் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் அங்கும் உள்ளன. அவை பெரும்பாலும் உறங்கிக் கிடப்பவை. அவை விழித்தெழுந்து நிறத்தை ஆக்கினாலும், ஓரிடத்தில் பெருகி மச்சமாகத் திரண்டாலும், வளரும் நகத்தில் அந்நிறம் படிந்து நீண்ட கோடாக வெளிப்படும். கோடு நகத்தில் தெரியினும், மச்சம் இருப்பது வேரிலேயாகும்.

அடிபட்டு உறைந்த குருதியும் கருமையாகவே தோன்றும். ஆயின், கைந்நகம் திங்களுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்வதால், அந்தக் கறை நுனி நோக்கி நகர்ந்து மறையும். மச்சத்தின் கோடோ வேரிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும்.

நகப் புற்றுநோயில் கருமை நகத்தைச் சூழ்ந்த தோலிலும் பரவுவதை 1886ஆம் ஆண்டில் ஆங்கில அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் எடுத்துரைத்தார். அக்குறி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கோடு விரிதலும் நிறம் பலவாதலும் வளர்ந்தோர்க்கு எச்சரிக்கைகளே. குழந்தைகளிடத்திலோ இதே குறிகள் தீங்கற்ற மச்சத்திலும் அடிக்கடி காணப்படுகின்றன. உண்மையான நகப் புற்றுநோய் அவர்களுக்கு மிக மிக அரிது. ஆதலின், வளர்ந்தோர்க்குரிய அளவுகோலை அப்படியே குழந்தைக்கு வைத்தல் பொருந்தாது.

நகவேரில் சிறிது தசையை எடுத்து நுண்ணோக்காடியில் ஆராய்தலே உறுதியான சோதனை. எனினும், வேர் பழுதுபட்டால் நகம் வாழ்நாள் முழுதும் பிளந்தோ சிதைந்தோ வளரக்கூடும். அதனால் மருத்துவர் பலர், முதற்கண் உருப்பெருக்கும் கருவியால் நோக்கி, ஒளிப்படம் எடுத்துவைத்து, சில திங்களுக்கொருமுறை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். சில பிள்ளைகளுக்குக் கோடு தானே மங்குவதும் உண்டு. ஆனால், கோடு விரைந்து விரிந்தாலோ, நகம் பிளந்தாலோ, குருதி கசிந்தாலோ மருத்துவரிடம் மீண்டும் காட்டக் காலம் தாழ்த்தலாகாது.

கோட்டைக் காணும் ஆசிரியர், பிள்ளையை அச்சுறுத்தாது பெற்றோரிடம் கூறித் தோல் மருத்துவரிடம் காட்டச் செய்தல் வேண்டும். அவர் நன்கு சோதித்தபின், "பொறுத்துப் பார்ப்போம்" என்றால், அதனைக் கவனக்குறைவென்று பெற்றோர் எண்ணலாகாது. அப்பொறுமை பிள்ளையின் நகத்தைக் காப்பதற்கேயாம்.