வரி எங்கே முடிகிறது?

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே, செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் அக்கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அப்போது சுற்றியுள்ள நிலத்துக்கு எல்லை வகுத்த முறை விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவில் போய் விழுமோ, அதுவரையுள்ள ஊர்கள் வாங்கியவர்க்கு உரியன என்று பேசிக்கொண்டனர். அவ்வூர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. எல்லைக்கு அடையாளம் எதுவாயினும் ஆகலாம். இரு தரப்பாரும் அதனை ஏற்றிருக்க வேண்டும், அவ்வளவே.

கணிப்பொறியில் எழுதிய ஒரு வரி எங்கே முடிகிறது என்பதும் இத்தகைய எல்லைப் பேச்சுத்தான். தமிழ் பயிலும் மாணவர்க்கு இக்கேள்வி புதிதன்று. ஏட்டுச்சுவடிகளில் செய்யுளின் அடி முடியுமிடத்தில் வரியை மடக்கி எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை; ஓலை முடியுமிடமே வரி முடியுமிடம். பதிப்பாசிரியர் சீரையும் தளையையும் எதுகையையும் கொண்டு அடியைப் பிரித்தெடுப்பார். கணிப்பொறிக்கு யாப்பு தெரியாது. ஆகவே வரி முடிந்தது என்பதற்குத் தனியே ஒரு குறியை அதற்குக் காட்டியாக வேண்டும்.

எழுத்துக்களை எண்களாகவே கணிப்பொறி வைத்துக்கொள்கிறது. 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி என்னும் அட்டவணையில் 10, 13 என்னும் இரண்டு எண்கள் நம் பொருளுக்கு உரியவை. ஏன் இரண்டு? தட்டெழுத்துப் பொறியில் பழகியவர்கள் எளிதில் விடை சொல்வார்கள். வரி முடிந்ததும் தாள் சுற்றிய வண்டியைத் தொடக்கத்துக்குத் தள்ளுகிறோம். தாளை ஒரு வரி மேலே நகர்த்துகிறோம். கைப்பிடி ஒன்றாயினும் செயல்கள் இரண்டு. தொலைவிலுள்ள பொறியைக் கம்பி வழியே இயக்கிய டெலிபிரிண்டரில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் தேவைப்பட்டன. 13 என்றால் தொடக்கத்துக்குத் திரும்பு. 10 என்றால் அடுத்த வரிக்கு இறங்கு. நொடிக்கு 10 எழுத்து அச்சிட்ட அப்பொறிகளில், அச்சுமுனை திரும்பி வர ஓர் எழுத்துக்குரிய நேரம் போதாது. முதலில் 13, பின்னர் 10 என்று அனுப்பியதால் அதற்குச் சிறிது அவகாசமும் கிடைத்தது.

பொறிகள் மறைந்தன; எண்கள் மறையவில்லை. ஆனால் வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டனர். யூனிக்ஸ் 10-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. இன்றைய லினக்ஸும் அவ்வாறே. எம்.எஸ்.டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் 13, 10 இரண்டையும் சேர்த்தே எழுதுகின்றன. ஆப்பிள் 2, கமடோர் போன்ற பழைய வீட்டுக் கணிப்பொறிகள் 13-ஐ மட்டும் கொண்டன. அட்டாரியோ இவ்விரண்டையும் விடுத்து, 155 என்று தனக்கென ஓர் எண்ணை வைத்துக்கொண்டது!

நம் நாட்டுப் பள்ளிகளுக்கு முதன்முதல் பெரிய அளவில் வந்த கணிப்பொறி இந்த 13-குழுவைச் சேர்ந்ததாகும். 1984-இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில், முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்குப் பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறி வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் ஏக்கான் நிறுவனத்தார் 1981-இல் வெளியிட்ட பொறி அது. அதன் நினைவகம் 32 கிலோபைட்டு. இக்காலத்தில் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. ஆயினும் அதில் நிரல் எழுதும் ஆர்வம் இன்றும் மாணவர் சிலரிடம் உண்டு. இன்றைய கணிப்பொறியில் வசதியாக எழுதி, பின்னர்ப் பழைய பொறிக்கோ, அதைப் போல நடிக்கும் எமுலேட்டருக்கோ மாற்றுவது அவர்கள் கையாளும் முறை.

லினக்ஸில் எழுதிய பேசிக் நிரலை அப்படியே பி.பி.சி. மைக்ரோவுக்கு அனுப்பி, ‘எக்ஸெக்’ என்னும் கட்டளையால் படிக்கச் செய்தால் என்ன ஆகும்? கோப்பிலுள்ள எழுத்துக்களை யாரோ விசைப்பலகையில் தட்டுவது போலவே அப்பொறி ஏற்கும். 10 வரும்போதெல்லாம் திரையில் ஒரு வரி கீழே இறங்கும்; ஆனால் அவ்வெண்ணைச் சேமித்துக்கொள்ளாது. 13 வராத வரையில் வரி முடிந்ததாகவே அதற்குத் தோன்றாது. இருபது வரிகளும் ஒரே வரியாய் நீளும். 240 எழுத்தை நெருங்கியதும் இடமின்றிப் பொறி ‘பீப், பீப்’ என்று ஓலமிடும். நிரலில் பிழையே இராது. மாணவனோ ஒவ்வொரு வரியாகப் பிழை தேடி இரவைக் கழிப்பான்.

தீர்வு மிக எளிது. கோப்பிலுள்ள 10 ஒவ்வொன்றையும் 13 ஆக்கிவிட வேண்டும். லினக்ஸில் ‘டிஆர்’ என்னும் சிறு கருவியே போதும். விண்டோஸில் எழுதிய கோப்பாயின், முதலில் 13-களை எல்லாம் நீக்கிவிட்டுப் பிறகே மாற்றுக. இல்லையேல் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு 13 நேரும். மூலக் கோப்பை இக்கால வழக்கப்படியே வைத்துக்கொண்டு, அனுப்பும் கடைசிப் படியில் மட்டும் மாற்றுவது நல்லது என்பது என் கருத்து. மாற்றிய படியைத் திருத்தத் தொடங்கினால் இருவகைக் குறிகளும் ஒரே கோப்பில் கலந்துவிடும். அதன்பின் எது மூலம், எது நகல் என்று தெரியாது.

திரும்பி வரும் வழியில் வேறொரு வேடிக்கை உண்டு. பி.பி.சி. மைக்ரோ தன் திரையில் தோன்றுவதை ‘ஸ்பூல்’ கட்டளையால் கோப்பாக எழுதும்போது, ஊரெல்லாம் 13, 10 என்றிருக்க, அது 10, 13 என்று தலைகீழாக எழுதுகிறது. வழக்கமான மாற்றுக் கருவிகள் இங்கே ஏமாறும். 13 என்பது அடுத்த வரியின் தலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். 13-களை முழுவதும் நீக்கிவிட்டால் எஞ்சும் 10-களே போதும்.

இம்மாற்றம் எழுத்துக் கோப்புக்கு மருந்து, பிறவற்றுக்கு நஞ்சு. சேமித்து வைத்த பேசிக் நிரலில் ஒவ்வொரு வரியின் வரிசை எண்ணும் நீளமும் எண்களாகவே எழுதப்பட்டிருக்கும். 10-ஐ 13 ஆக்கும் கருவியை அதன்மேல் ஏவினால், நிரலின் 10-ஆம் வரி 13-ஆம் வரியாய்ப் பெயர் மாறும். அதுவாவது போகட்டும்! 10 எழுத்து நீளமுள்ள வரி ஒன்று இருந்தால், 13 என்று நம்பிய பொறி தவறான இடத்தில் அடுத்த வரியைத் தேடி, ‘பேட் புரோகிராம்’ என்று கைவிரித்துவிடும். இயந்திர மொழியில் கேடு இன்னும் பெரிது. அப்பொறியின் மூளையாகிய 6502 சில்லுக்கு, 10 என்றால் ‘கையிலுள்ள எண்ணை இரட்டிப்பாக்கு’ என்பது பொருள். 13 என்பதோ, அடுத்த இரண்டு எண்களையும் ஒரு முகவரியாக விழுங்கிவிடும் வேறு கட்டளை. ஓர் எண் மாற, அடுத்து வரும் கட்டளைகளும் தடம் புரளும். ஆகையால் எக்கோப்பையும் மாற்றுமுன், அதன் எண்களை வரிசையாகக் காட்டும் ‘ஹெக்ஸ்டம்ப்’ கருவியால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

தமிழ்க் கோப்புக்களுக்கு இதனால் கேடு உண்டா? இன்று பரவலாக வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் கேடில்லை. தமிழ் எழுத்துக்குரிய ஒவ்வோர் எண்ணும் 127-க்கு மேற்பட்டது. 10-உம் 13-உம் எழுத்துக்குள் ஒருபோதும் புகா. யு.டி.எஃப்.-16 முறையில் கவனம் வேண்டும். அங்கே தமிழ் எழுத்தின் முற்பாதி 11 என்னும் எண், எழுத்தளவில் தப்பினோம். ஆனால் 13-களை நீக்கும் கருவி, வரி முடிவிலுள்ள எண்ணிணையில் ஒன்றைப் பறித்துவிட்டால், அதன்பின் வரும் எழுத்தெல்லாம் ஓரெண் இடம்பெயர்ந்து உருத்தெரியாமற் போகும். நம் அண்டைவீட்டு மலையாளத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அம்மொழி எழுத்துக்களின் முற்பாதி 13 என்னும் அதே எண்தான்.