உங்களுக்குத் தெரியுமா? லாலான் காட்டுக் காய்ச்சலும் 1948ஆம் ஆண்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் காம்பாரைச் சுற்றியிருந்த பழைய தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு லாலான் புல்லைத் தெரியும். அந்தப் புல்லில் எலி உண்டு. எலியின் காதில் கண்ணுக்கு எளிதில் அகப்படாத உண்ணிக் குஞ்சுகள் உண்டு. இந்தக் குஞ்சு தன் ஆயுளில் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் கடிக்கும். கிருமி இருந்துவிட்டால் அந்த ஒரு கடி போதும். பத்து நாள் போல கழித்துக் காய்ச்சலும் மண்டை இடியும் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருத்த புண் தெரியும். இதுதான் ஸ்க்ரப் டைபஸ். கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடுவதால், எலியை ஒழித்தால் நோய் ஒழிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

● ● ●

இந்தக் காய்ச்சலைச் சட்டென்று அடக்கும் மருந்து முதலில் நிரூபிக்கப்பட்டது லண்டனிலோ நியூயார்க்கிலோ அல்ல, கோலாலம்பூரில். 1948 மார்ச் மாதம் ஜோசப் ஸ்மாடெல் தலைமையில் ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவக் குழு அங்கே வந்து இறங்கியது. குழு கொண்டுவந்த புது மருந்தின் பெயர் குளோரோமைசெட்டின். வெனிசுவேலா நாட்டுக் கராகஸ் நகரத்தருகே எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் தந்த மருந்து அது. இன்று குளோரம்பெனிகால் என்கிறோம்.

மருந்து பெற்றவர்கள் 25 பேர், பெறாமல் ஒப்பிடப்பட்டவர்கள் 12 பேர். பெறாதவர்களுக்குக் காய்ச்சல் சராசரியாகப் பதினெட்டு நாள் நீடித்தது. பெற்றவர்களுக்கு மொத்தமே ஏழரை நாள். முதல் வேளை மருந்து உள்ளே போய் சுமார் 31 மணி நேரத்தில் சூடு இறங்கிவிட்டது. இன்றைய மருந்துச் சோதனைகளில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்ப்பார்கள். பலன் இவ்வளவு வெளிப்படையாக இருந்ததால் அன்று 37 பேரே போதுமாயிற்று.

அதே ஆண்டு ஜூன் மாதம் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட, மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள் போன படைவீரர்களுக்கும் உண்ணி குறி வைத்தது. காட்டில் போரிடும் ராணுவங்களுக்கு இந்த ஆராய்ச்சியில் இருந்த அக்கறையில் வியப்பில்லை.

● ● ●

இனி வருவதுதான் இந்தக் கதையின் சுவையான இடம். ஸ்க்ரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்டவர்களில் அந்த நோயே இல்லாத ஒருவரும் இருந்தார். அவருக்கு வந்திருந்தது டைபாய்டு என்று ரத்தச் சோதனையில் பிறகு தெரிந்தது. ஆனால் அவரும் தேறிவிட்டார்!

அந்தக் காலத்து டைபாய்டுக்கு மருந்து கிடையாது. மூன்று நான்கு வாரம் படுக்கை, கஞ்சித் தண்ணீர், நல்ல செவிலி, பிறகு கடவுள். குடல் ஓட்டையாகி இறந்தவர்கள் ஏராளம். மருத்துவர்கள் உடனே டைபாய்டு நோயாளிகளைத் தேடிப் பிடித்து, பத்துப் பேருக்கு அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக மூன்றரை நாளில் காய்ச்சல் விட்டது. மருந்தைச் சீக்கிரம் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பி வரலாம் என்பதும் தெரியவந்தது.

இந்த முடிவு 1948இலேயே 'அன்னல்ஸ் ஆஃப் இன்டெர்னல் மெடிசின்' இதழில் வெளியானது. எழுதியவர்கள் வுட்வர்ட், ஸ்மாடெல், லே, கிரீன், மங்கிகர். கடைசிப் பெயர் இந்தியப் பெயர். ஸ்க்ரப் டைபஸ் கட்டுரையிலும் கடைசியாக நிற்பது சவூர் என்ற இந்தியப் பெயர்தான். சவூரும் அவரோடு பணியாற்றிய லூத்வெயிட்டும் மலாயாவின் காட்டு டைபஸும் ஜப்பானின் ஆற்றங்கரைக் காய்ச்சலும் ஒரே நோய்தான் என்று முன்பே காட்டியிருந்தார்கள். மருத்துவர்கள் பெயரோடு நிற்க, நோயாளிகள் எண்ணாக நிற்கிறார்கள். இரண்டு கட்டுரைகளும் பிழைத்தது அந்த எண்களால்தான் என்பது என் எண்ணம்.

● ● ●

குளோரம்பெனிகாலை 1949இல் ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்ட குழுவில் முக்கியமானவர் மில்ட்ரெட் ரெப்ஸ்டாக் என்ற இளம்பெண். 1950களின் தொடக்கத்தில் அதன் மறுபக்கம் தெரிந்தது. அரிதாகச் சிலருக்கு எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே அது நிறுத்திவிடும். சாதாரணச் சளிக்கும் அதை எழுதித் தந்த மருத்துவர்கள் அப்போதுதான் தயங்கத் தொடங்கினார்கள்.

● ● ●

கோலாலம்பூர் உலகுக்குத் தந்தது இது மட்டுமல்ல. அந்நாளில் நம் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளர் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பாரே, மலேரியாவா என்று பார்க்க. அந்த ரத்தத்தின் தடித்த படலத்துக்குச் சில விநாடிகளில் நிறமேற்றும் 'ஃபீல்ட் சாயம்' கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்து ஜே. டபிள்யூ. ஃபீல்ட் உருவாக்கியது. உலகெங்கும் பயன்பட்டது. புரோகுவானில் மாத்திரைக்கு அடங்காத மலேரியாவை எடெசன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து மலாயாவிலிருந்து அறிவித்தவரும் இதே ஃபீல்ட்தான்.

● ● ●

சற்றுப் பின்னோக்கிப் போனால் சோற்றுப் பானைக்கு வந்துவிடுவோம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயால் மடிந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்களுக்கு அது அரிது. தற்செயலா? வில்லியம் ஃபிளெட்சர் 1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். வெள்ளையரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் சாகவில்லை. இன்று இப்படிச் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் நெல்லை அவிக்கையில் தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற உண்மைக்கு அது வழிவிட்டது. இதே ஃபிளெட்சர்தான் 1920களில் மலாயா டைபஸையும் ஆராய்ந்தவர்.

● ● ●

நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட கதை இன்னொன்றும் உண்டு. கடலுக்கு அப்பால் சென்னையில் 1956இல் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரு கூறாக்கினார்கள். பாதிப்பேர் சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் மாத்திரையுமாக இருக்க, மீதிப்பேர் நெரிசலான தங்கள் வீட்டிலேயே அதே மாத்திரையைச் சாப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு சாராருக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மாத்திரையை விழுங்கினார்களா, சன்னல் வழியே எறிந்தார்களா என்று அறிய, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிச் சிறுநீரையும் சோதித்தார்கள். நம் ஆட்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்! 1959இல் முடிவு வெளியானதும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

● ● ●

ஸ்க்ரப் டைபஸ் போய்விட்டதா? தமிழ்நாட்டில் மழைக்கு அடுத்த குளிர்மாதங்களில் இன்றும் வார்டுகளை நிறைக்கிறது. கடுமையான நோய்க்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம் என்று 794 பேரை வைத்து 2023இல் காட்டியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு.