துருவுக்குள் ஒரு டுக்கர்

புனேயின் பழைய வீடுகளில் தார்ப்பாயின் கீழ் தூங்கும் ஃபியட் கார்களுக்கு இன்று எதிரிகள் மூவர்: துரு, இடநெருக்கடி, சட்டத்தின் ஒரு வரி.

கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. புனேயில் ஏதோ ஒரு பேட்டையில் பழைய பங்களாவை இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்ட முடிவாகிறது. பீரோ, கட்டில், ஊஞ்சல் எல்லாம் பங்கு பிரிந்த பிறகு பின்பக்க ஷெட்டில் ஒன்று மட்டும் மிச்சம். தார்ப்பாயை விலக்கினால் காற்றிழந்து தரையோடு ஒட்டிய நாலு டயர்கள். சீட்டுக்குள் எலிக் குடும்பம். கதவைத் திறந்தால் காரின் தரை வழியே மண் தெரிகிறது. வாசலில் பங்கார்வாலா (நம்மூர் காயலான் கடைக்காரரின் மராட்டிய அவதாரம்) எடைக்கு விலை சொல்லக் காத்திருக்கிறார். அப்பா ஆசையாக வாங்கிய கார். கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலரின் ஷெட்டில் இருப்பது ‘டுக்கர் ஃபியட்’. டுக்கர் என்றால் மராட்டியில் பன்றி. 1954 முதல் இந்தியாவுக்கு வந்த ஃபியட் 1100 மில்லிசென்டோவின் உருண்டை உடம்பைப் பார்த்து மக்கள் வைத்த செல்லப் பெயர் அது. முன்கதவுகள் இன்றைய கார்களைப் போலல்லாமல் பின்பக்கக் கீலில் திறக்கும். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில். எஞ்சின் 1,089 சிசி. சோலாப்பூரில் பிறந்த வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் மும்பை குர்லாவில் இதைத் தயாரித்தது.

1964இல் டுக்கருக்குப் பதிலாகச் சதுர முகத்துடன் டிலைட் வந்தது. அந்தத் தலைமுறைக் காருக்குத்தான் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். காரின் விலை 12,000 ரூபாய். 1966இல் அவர் இறந்த பிறகு, மிச்சக் கடனை மனைவி லலிதா தன் பென்ஷனிலிருந்து அடைத்தார். அந்தக் கார் இன்றும் டெல்லி நினைவகத்தில் நிற்கிறது. ஒரு பிரதமருக்கே கார் என்பது கடன் வாங்கிச் சேர்க்கும் சொத்தாக இருந்த காலம். சாதாரணக் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய சம்பவமாக இருந்திருக்கும்! காயலான் கடைக்குத் தள்ளிவிட மனம் வராததற்குக் காரணம் இதுதான்.

துருவின் கணக்கு

ஆனால் பாசம் துருவைத் தடுப்பதில்லை. இரும்போடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு. சென்னை, மும்பை போல உப்புக்காற்று புனேயில் இல்லை என்றாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் உண்டு. காரைக் காப்பதாக நினைத்துப் போர்த்திய தார்ப்பாயே பல நேரம் வில்லன். கீழிருந்து கிளம்பும் ஈரத்தை அது வெளியே விடுவதில்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு தகடுகள் சேரும் இணைப்புகளில் புகுந்தால் உள்ளிருந்தே நெம்பி அவற்றைப் பிரித்துவிடும். வெளியே பெயின்டில் சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி உளுத்திருக்கும்.

டுக்கரில் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பழங்காலக் கார்களுக்குத் தனியாக ஒரு சட்டம் உண்டு. அதன்மேல் உடம்பைத் தூக்கி வைத்திருப்பார்கள். சென்னையில் 1960களில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அந்த வகைதான். மில்லிசென்டோவில் அப்படியில்லை, உடம்பே சட்டம். கதவுக்குக் கீழே வாசல்படி போல ஓடும் பெட்டித் தகடும் தரைத்தகடும்தான் காரின் முதுகெலும்பு. அவை உளுத்துவிட்டால் மேலே எத்தனை பளபளப்பாகப் பெயின்ட் அடித்தாலும் கார் நடுவில் தொய்ந்துவிடும், கதவு மூடாது.

ஆகவே முதல் சோதனைக்குத் தேவை ஒரு ஸ்க்ரூடிரைவரும் காந்தமும். ஸ்க்ரூடிரைவர் தகட்டுக்குள் இறங்கினால் அங்கே இரும்பு இல்லை. காந்தம் ஒட்டாவிட்டால், முன்பு யாரோ துளையைப் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

ஷெட்டில் அறுவை சிகிச்சை

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. பல ஆண்டுகள் ஓடாத எஞ்சினை உடனே சாவி போட்டுச் சுற்றக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஓட்டை வழியே எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவைத்து, கையால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். கழற்றக்கூடிய சிறு பாகங்களின் துருவை எடுக்கப் பெரிய கருவி வேண்டாம்: ஒரு பிளாஸ்டிக் தொட்டி, சலவைச் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜர், பலி கொடுக்க ஒரு சாதாரண இரும்புத் துண்டு. துருப்பிடித்த பாகத்துக்கு நெகடிவ், பலி இரும்புக்கு பாசிடிவ். ஒரு நாளில் துரு கரும்பொடியாகக் கழன்றுவிடும். எவர்சில்வரைப் பலி இரும்பாகப் போடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரையும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் காற்றோட்டம் அவசியம், பக்கத்தில் பீடி கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தேய்க்கும்போது தண்ணீரும் முகமூடியும் வேண்டும்.

வெட்டி ஒட்டும் வேலை வேறு ரகம். முதலில் பேட்டரியும் பெட்ரோல் டாங்கும் வெளியே வந்தாக வேண்டும். பிறகு கதவு இடைவெளிகளில் இரும்புக் குழாய்களைக் குறுக்கே வெல்டு செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்கலாம். அவசரப்பட்டு இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டினால் கார் வாழைப்பழம் போல வளையும். மெல்லிய தகட்டில் தொடர்ச்சியாக வெல்டிங் ஓட்டக் கூடாது, சூட்டில் நெளியும். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி, ஆறவிட்டு அடுத்தது.

இதற்கு வேண்டியது ஒரு நல்ல டிங்கர். டாடாவின் இண்டிகாவை 1998இல் சந்தைக்கு அனுப்பிய நகரம் புனே. பக்கத்துச் சாக்கனில் இன்று ரோபோக்கள் கார் உடம்பை வெல்டு செய்கின்றன. அதே ஊரில், தட்டையான தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே மட்கார்டின் வளைவைக் கொண்டுவரத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பழுதான பாகத்தைத் தட்டி நிமிர்த்துவதைவிடப் புதிதாக மாற்றிவிடுவதுதான் இப்போது வழக்கம். டுக்கருக்குப் புதிய பாகம் ஏது?

உதிரி பாக வேட்டையும் இதன் பகுதிதான். மங்கள்வார் பேட்டில் புதன், ஞாயிறுகளில் கூடும் ஜுனா பஜார், மும்பையின் குர்லா, சென்னையின் புதுப்பேட்டை என்று தேடல் நீள்கிறது. எஞ்சின் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. அதே 1,089 சிசி எஞ்சின் குடும்பம்தான் பிரீமியர் பத்மினியையும் கடைசிவரை ஓட்டியது. மும்பைச் சாலைகளிலிருந்து கடைசிப் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் இறுதியில்தான் விடைபெற்றன. ஆனால் டுக்கரின் கதவு, கண்ணாடி, விளக்கு வளையம் போன்றவை அதிர்ஷ்டம் இருந்தால்தான்.

சட்டம் கேட்கும் கேள்வி

வேலை முடிந்ததும் இன்னொரு வாசல். 2021 ஜூலையில் மத்திய அரசு பாரம்பரிய வாகனங்களுக்கென விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த கார்களும் இரு சக்கர வாகனங்களும் இதில் வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. புது எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். தினசரி ஆபீசுக்குப் போக முடியாது.

சிக்கல் ஒரு வரியில் இருக்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சட்டம், உடம்பு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. நியாயம்தான். பழைய பெயரில் புது வண்டி கட்டும் மோசடியைத் தடுக்க வேண்டும். ஆனால் முதுகெலும்பே உளுத்துப்போன டுக்கரின் தரையை அதே வடிவில் புதிதாக வார்ப்பது பழுதுபார்ப்பா, மாற்றமா? எத்தனை சதவீதத் தகடுவரை அது பழைய கார்?

ஆகவே அனுபவசாலிகளின் வழி, ரம்பத்துக்கு முன் காகிதம். ஆர்சி புத்தகம் இருக்கிறதா, அதிலுள்ள சேசிஸ், எஞ்சின் எண்கள் வண்டியில் பொறித்ததோடு பொருந்துகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்பா காலமாகியிருந்தால் 31ஆம் படிவத்தில் வாரிசுப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். எண் பொறித்த தகட்டைத் தொடவே கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னும் பின்னும் போட்டோ. எல்லாப் பில்லும் பத்திரம்.

லாபக் கணக்குப் போட்டால் இந்த வேலையில் யாரும் இறங்க மாட்டார்கள். எல்லா டுக்கரையும் காப்பாற்றவும் முடியாது. சில, உதிரி பாகமாகி வேறொன்றுக்கு உயிர் கொடுப்பதே நல்லது. ஆனால் முடிவை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று மறுபடி தார்ப்பாயை இழுத்து மூடுபவர்களால்தான் அதிகக் கார்கள் செத்திருக்கின்றன. பங்கார்வாலாவாவது ஒரு விலை சொல்கிறார். மழை எதுவும் தருவதில்லை.