தைவான் மலையில் சிக்னல் தேடி

தைவான் என்றால் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கம்ப்யூட்டர் சில்லுகளும், ஒரு காலத்தில் பர்மா பஜாரில் விற்ற மலிவுக் கால்குலேட்டர்களும்தான். அது ஒரு மலைத் தீவு என்பது அங்கே போய் இறங்கும்வரை மனத்தில் பதிவதில்லை. பரப்பளவில் கேரளத்தைவிடச் சற்றே சிறியது. ஆனால் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் மட்டும் 268 இருக்கின்றன. எல்லாவற்றிலும் உயரமான யூஷான் 3,952 மீட்டர். நம் தென்னகத்தின் உச்சியான ஆனைமுடி 2,695 மீட்டர்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனங்களில் பெரும்பாலோர் மேற்குக் கரையோரச் சமவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். நடுவிலும் கிழக்கிலும் மலை, மலை, மலை.

என் மகள் அங்கே ஷின்ச்சு நகரத்தில் வேலை பார்க்கிறாள். 2025 மார்ச் மாதம் நானும் என் துணைவியாரும் பன்னிரண்டு நாட்கள் போய் வந்தோம். திரும்பி வந்ததும் சங்கத்து நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "என்ன பார்த்தீர்கள்?" என்பதல்ல. "போனுக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு ஆயிற்று?" என்பதுதான். நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது பிள்ளைகளைப் பார்க்க வெளிதேசம் போய் வருகிறோம். போன வருஷம் நமக்குத் தெரிந்த ஒருவர் இங்கிருந்தே ரோமிங் எடுத்துக்கொண்டு போய், திரும்பி வந்தபோது வந்த பில்லைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

தாவ்யுவான் விமான நிலையத்தில் சுங்கச் சோதனையைத் தாண்டி வெளியே வந்தால் சுங்ஹ்வா டெலிகாம், தைவான் மொபைல், ஃபார் ஈஸ்டோன் ஆகிய மூன்று கம்பெனிகளின் கவுண்ட்டர்கள் இருக்கின்றன. முன்பு ஐந்து கம்பெனிகள். 2023 டிசம்பரில் சிறியவை இரண்டும் பெரியவற்றோடு இணைந்துவிட்டன. இவர்கள் சுற்றுலாக்காரர்களுக்கென்று வைத்திருப்பது நாள் கணக்கு அட்டை. இத்தனை நாளைக்கு இவ்வளவு பணம், டேட்டா எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, நான் விரும்பியது: மதிப்பை நிரப்பி வைத்து, உபயோகித்த அளவுக்கு மட்டும் கழியும் அட்டை. இதற்குப் பாஸ்போர்ட்டோடு இன்னொரு அடையாள அட்டையும் கேட்டார்கள். டிரைவிங் லைசென்ஸைக் காட்டினேன். 300 தைவான் டாலர் நிரப்பினேன். நம் ரூபாயில் சுமார் 800. மதிப்பு தீர்ந்தால் தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன் கடையிலேயே நிரப்பிக்கொள்ளலாம்.

என் துணைவியாருக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிக்காது. "ஊரைப் பார்க்க வந்தோமா, மீட்டர் பார்க்க வந்தோமா?" என்று சொல்லிவிட்டு நாள் கணக்கு அட்டையே வாங்கிக்கொண்டார். அதிலும் ஒரு நன்மை இருந்தது. மகள் முன்னமே சொல்லியிருந்தபடி அவருக்கு ஒரு கம்பெனியும் எனக்கு வேறொரு கம்பெனியுமாக எடுத்தோம். இது ஏன் என்பது பின்னால் தெரியும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தைவானில் 2ஜி சேவை 2017லும், 3ஜி சேவை 2024 ஜூன் 30 அன்றும் அடியோடு நிறுத்தப்பட்டுவிட்டன. சாதாரண போன் பேச்சும் இப்போது 4ஜி வழியாகவே போக வேண்டும். பழைய மாடல் போன் வைத்திருப்பவர்களுக்கு டேட்டா வரும், ஆனால் நம்பரைப் போட்டுப் பேச முடியாமல் போகலாம். வாட்ஸ்அப் பேச்சுக்குத் தடையில்லை.

இந்திய சிம்மை இரண்டாவது துளையில் அப்படியே விட்டு வைத்து, அதன் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டேன். பாங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்திக்கு அந்த எண் உயிரோடு இருக்க வேண்டும். ரோமிங் வசதியைப் புறப்படும் முன் இங்கேயே இயக்கி வைத்துக்கொள்வது உத்தமம். அங்கே போய் இயக்கலாம் என்றால் அதற்கே ஒரு ஓ.டி.பி. கேட்பான்!

ஊர்ப்புறத்தில் சிக்னலுக்குக் குறைவே இல்லை. சுவாரசியமெல்லாம் மலையில்தான்.

சியாயி என்ற ஊரிலிருந்து அலிஷான் மலைக்கு ஒரு சிறு ரயில் போகிறது. ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தோடு குடும்பம் நடத்தியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜப்பானியர் ஆட்சியில் மலையிலிருந்து மரம் இறக்கப் போட்ட பாதை. 1912இல் ஓடத் தொடங்கியது. அகலம் 762 மில்லிமீட்டர், அதாவது நம் கால்கா–சிம்லா பாதையின் அதே இரண்டரை அடி. சியாயி ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர். அலிஷான் 2,216 மீட்டர். இந்த உயரத்தை 71 கிலோமீட்டரில், ஊட்டி ரயிலைப் போலப் பற்சக்கரம் இல்லாமலே, 16க்கு 1 என்ற ஏற்றத்தில் ஏறிவிடுகிறது. 2009 ஆகஸ்டில் மோரகாட் புயல் இந்தப் பாதையைச் சின்னாபின்னமாக்கியது. ஒவ்வொரு பகுதியாகச் சீர்செய்து, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதுச் சுரங்கம் ஒன்றும் குடைந்து, முழுப் பாதையையும் மறுபடி திறந்தது 2024 ஜூலை 6 அன்று. பதினைந்து வருஷம்! விடாப்பிடியாக நின்று முடித்த அந்த எஞ்சினியர்களுக்கு மானசீகமாக ஒரு சல்யூட் வைத்தேன்.

சாங்நாவ்லியாவ் ஸ்டேஷனைத் தாண்டியதும் துலிஷான் என்ற குன்றை ரயில் மூன்று முறை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. திருகாணி மாதிரி. விட்டு வந்த ஸ்டேஷன் கீழே, மறுபடி கீழே, இன்னும் சின்னதாக மறுபடி கீழே தெரியும். பயணிகள் எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருக்க, நான் ஒரு கையில் என் போனையும் மறு கையில் துணைவியாரின் போனையும் வைத்துக்கொண்டு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி! குன்றின் மேற்குப் பக்கம் வரும்போது சமவெளி கண்ணுக்குத் தெரியும். இரண்டு போனிலும் சிக்னல் கோடுகள் நிமிர்ந்து நிற்கும். கிழக்கே திரும்பினால் பள்ளத்தாக்கு. என் போனில் ஒரு கோடு, அவருடையதில் ஒன்றுமில்லை. மூன்று சுற்றிலும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே கதைதான்.

காரணம் எளிது. போன் அலையும் ஒருவகையில் வெளிச்சம் போலத்தான். மலை முகடு குறுக்கே நின்றால் அதன் பின்புறம் நிழல் விழும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் முகட்டைத் தொட்டுக் கொஞ்சம் வளைந்து இறங்கும். 5ஜிக்கு முக்கியமாக உபயோகிக்கும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அத்தனை வளையாது. ஒரு கம்பெனியின் கோபுரம் ஒரு சரிவிலும் இன்னொன்றின் கோபுரம் எதிர்ச் சரிவிலும் இருந்தால், இருவரின் நிழலும் ஒரே இடத்தில் விழாது. தம்பதிகள் வேறு வேறு கம்பெனி எடுப்பது இதற்காகத்தான்.

சிக்னல் பலவீனமானால் போன் கோபுரத்தை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டிக் கத்துகிறது. பாட்டரி கரையும். மேலே குளிர் வேறு. ஷின்ச்சுவில் ராத்திரி வரை வந்த பாட்டரி, மலையில் பகல் இரண்டு மணிக்கே பாதிக்கு வந்துவிட்டது. சுரங்கங்கள் வரிசையாக வரும் பகுதியில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுவது நல்லது.

ஆனால் அன்று அப்படிப் போட எங்களால் முடியவில்லை. மும்பையில் என் துணைவியாரின் தம்பிக்கு இருதய பைபாஸ் அறுவை சிகிச்சை நாங்கள் திரும்பி வந்த பிறகு நடப்பதாக இருந்தது. "நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள் அத்தான், நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?" என்று அவரேதான் எங்களை அனுப்பிவைத்தார். நாங்கள் போன ஐந்தாம் நாள் மறுபடி வலி வரவே ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறுநாள் காலையே ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டார்கள். ரயில் ஜியாவ்லிபிங் ஸ்டேஷனில் நின்றபோது, அதுவரை வராமல் தேங்கிக் கிடந்த செய்திகள் துணைவியாரின் போனில் மளமளவென்று வந்து விழுந்தன. கடைசிச் செய்தி தம்பி மனைவியிடமிருந்து: "அண்ணி, பி நெகட்டிவ் ரத்தம் சாயங்காலத்துக்குள் மூன்று பேர் கொடுக்க வேண்டுமாம். அண்ணாவிடம் சங்கத்து லிஸ்ட் இருக்குமா?"

நம் சங்கத்தின் ரத்ததானப் பட்டியலைப் பல வருஷமாக வைத்துப் பராமரிப்பது அடியேன்தான். தடித்த பேரேடு வீட்டு அலமாரியில் இருந்தது. நல்ல வேளையாக, புறப்படுமுன் அதன் பக்கங்களைப் படம் எடுத்துப் போனுக்குள்ளேயே வைத்திருந்தேன். இன்டர்நெட்டில் எங்கோ சேமித்து வைத்திருந்தால் அந்த மலையில் எடுத்துப் பார்த்திருக்க முடியாது.

துணைவியார் பதற்றத்தில் என் போனிலிருந்த அந்தப் படத்தையே அப்படியே அனுப்பினார். படம் 3 எம்.பி. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரயில் புறப்பட்டுச் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்டது. பட்டியலில் பி நெகட்டிவ் மொத்தம் ஆறே பேர். நான் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆறு பெயரையும் எண்களையும் எழுத்தாக அடித்து அனுப்பினேன். எழுத்துச் செய்தி என்பது ஒரு கிலோபைட், இரண்டு கிலோபைட் சமாசாரம். வாட்ஸ்அப்பில் அது கடிகாரக் குறியோடு வரிசையில் காத்திருக்கும். எங்கேயாவது ஓர் இரண்டு விநாடி அலை கிடைத்தால் போதும், நழுவி வெளியே போய்விடும். பேச்சுக்கு விடாத தொடர்பு வேண்டும், படத்துக்கு நேரம் வேண்டும். எழுத்துக்கு இரண்டும் அவ்வளவாக வேண்டாம்.

அடுத்த இருபது நிமிஷம் நான் மலையைப் பார்க்கவில்லை. கடிகாரக் குறி. சுரங்கம். கடிகாரக் குறி. ஒரு வளைவில் மரங்கள் விலகியபோது ஒற்றை டிக் விழுந்தது. ஃபென்சிஹு ஸ்டேஷனுக்குள் (1,403 மீட்டர்) வண்டி நுழையும்போது இரட்டை டிக். அந்த ஊர் ரயில்வே சாப்பாட்டுப் பெட்டிக்குப் பேர் போனது. எல்லோரும் அதை வாங்க ஓட, நாங்கள் பிளாட்பாரத்தில் நின்று பேசினோம். இரண்டே நிமிஷம்தான். "நாலு பேருக்குப் போன் பண்ணியாச்சு, இரண்டு பேர் கிளம்பிட்டாங்க அண்ணா" என்றார் அந்தப் பெண். என் துணைவியார் அழுதுவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு தைவான் மூதாட்டி, விஷயம் புரியாமலே, தன் பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாவது ஆளும் ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை எல்லோரும் சூரியோதயம் பார்க்க ஜூஷான் ரயிலில் ஏறினார்கள். 2,451 மீட்டரில் இருக்கும் அதுதான் தைவானின் மிக உயரமான ரயில் நிலையமாம். நாங்கள் போகவில்லை. விடுதி வாசலில், முந்தின நாளே பார்த்து வைத்த ஒரு மூலையில் இரண்டு போனிலும் முழு சிக்னல் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தோம். தைவான் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. மும்பையில் எட்டு மணிக்கு அறைக்குள் கொண்டுபோனபோது அங்கே பத்தரை. பகல் மூன்று மணிக்கு மேல்தான் "முடிந்தது, நன்றாக இருக்கிறார்" என்று வந்தது. அதுவும் எழுத்துச் செய்திதான்.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். என் போனில் பார்த்த வரையில் வாட்ஸ்அப் பேச்சு 20 நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆயிற்று. முகம் பார்த்துப் பேசினால் 10 நிமிஷத்துக்கே 50, 60 எம்.பி. வரைபடத்தை முன்னாடியே இறக்கி வைத்துக்கொண்டால் வழி தேட டேட்டாவே வேண்டாம், ஜி.பி.எஸ். வானத்திலிருந்து வருவது, சிம்முக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சீன மொழிபெயர்ப்பையும் அப்படியே இறக்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு நாளில் நான் செலவழித்தது ஒரு ஜி.பி.க்கும் குறைவு. துணைவியாரோ பதினொரு ஜி.பி.; பேத்தியோடு தினமும் வீடியோவில் பேசாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே எது லாபம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், பேரன் பேத்தி எத்தனை என்பதைப் பொறுத்தது.

நிலநடுக்கம் வந்தால் அரசாங்க எச்சரிக்கை போனில் அலறும். 2016 முதல் இருக்கும் ஏற்பாடு. இது கோபுரத்திலிருந்து எல்லாப் போனுக்கும் ஒரே சமயத்தில் ஒலிபரப்பாவதால், அட்டையில் காசு இல்லாவிட்டாலும், டேட்டாவை அணைத்து வைத்திருந்தாலும் வரும். மலைப்பாதைகளில் சில இடங்களில் "இங்கே சிக்னல் கிடைக்கும்" என்று பலகையே நட்டு வைத்திருக்கிறார்கள். ஆபத்துக்கு 112. உங்கள் கம்பெனியின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனியின் கோபுரம் எட்டினால் அந்த அழைப்பு போகும்.

மைத்துனர் இப்போது காலையில் நடைப்பயிற்சி போகிறார். ரத்ததானப் பட்டியலில் சில எண்கள் மாறிவிட்டன என்பது அன்று தெரிந்தது. ஆறு பேரில் இருவருடைய எண் வேலை செய்யவில்லை. புதுப் பட்டியல் தயாராகிறது. எண் மாற்றியவர்களும் புதிதாகப் பெயர் சேர்க்க விரும்புகிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். ரத்த வகையை மறக்காமல் குறிப்பிடவும்.