போதையில் இறந்த மகளும் பெற்றோர் கேட்ட சட்டமும்



2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் மேற்கு விர்ஜீனியா மாநிலத் தலைநகரான சார்ல்ஸ்டனுக்கு அப்போதைய அதிபர் பராக் ஒபாமா வந்திருந்தார். போதைப்பொருளால் அதிகமானோர் மடிந்துகொண்டிருந்த மாநிலம் அது. அந்தக் கூட்டத்தில், மாநில செனட் சபையின் முன்னாள் உறுப்பினர் டேவிட் கிரப், தம் மகள் ஜெஸ்ஸி ஹெராயினுக்கு அடிமையானதை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஊரறிந்த மனிதர் அவர். நம் வீடுகளில் பிள்ளை குடிக்கிறான் என்பதைக்கூட அன்பியக் கூட்டத்தில் வாய்திறந்து சொல்ல மாட்டோம். சொன்னால் தங்கைக்கு வரன் வராது என்ற பயம்.

ஜெஸ்ஸி அப்போது மிச்சிகன் மாநிலத்தில் சிகிச்சை பெற்று, மெல்ல மீண்டு வந்துகொண்டிருந்தார். போதையை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நெடுந்தூர ஓட்டத்திற்குப் பயிற்சி செய்தார். அந்த ஓட்டத்தில் ஏற்பட்ட காயத்தைத் தொடர்ந்து இடுப்பில் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. பெற்றோர் மருத்துவமனைக்குச் சென்று, "எங்கள் மகள் போதையிலிருந்து மீண்டு வருபவள், வலி மருந்து கொடுப்பதில் கவனம் தேவை" என்று தெளிவாகவே சொன்னார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பிய மருத்துவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. ஆக்சிகோடோன் என்னும் வலி மாத்திரை ஐம்பது எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அது அபினி வகையைச் சேர்ந்தது. மறுநாள், 2016 மார்ச் மாதத் தொடக்கத்தில், ஜெஸ்ஸி தூக்கத்திலேயே இறந்தார். அவருக்கு வயது 30.

இது எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அபினி, மார்ஃபின், ஹெராயின், ஆக்சிகோடோன், இப்போது அமெரிக்காவில் அதிகமானோரைக் கொல்லும் ஃபென்டனில் ஆகிய எல்லாம் ஒரே குடும்பம். மூளையில் வலியை அடக்கும் அதே வாயில்கள் வழியாகவே இவை இன்பத்தையும் தருகின்றன, மூச்சையும் மந்தமாக்குகின்றன. தொடர்ந்து எடுப்பவரின் உடல் பழகிப்போய், அதே பலனுக்கு மேலும் மேலும் கேட்கும். நிறுத்தினாலோ அந்தப் பழக்கம் சில வாரங்களிலேயே கரைந்துவிடும். முன்பு தாங்கிய அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். ஆகவே மிகவும் ஆபத்தான காலம் போதையில் மூழ்கிக் கிடக்கும் காலம் மட்டுமல்ல. சிகிச்சை முடிந்தோ, சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களும்தான். "ஒரு மாதம் உள்ளே வைத்து அனுப்பினார்கள், சரியாகிவிட்டான்" என்று நிம்மதியாகப் பேசும் குடும்பங்கள் இதைத் தெரிந்திருப்பது நல்லது.

ஜெஸ்ஸியின் பெற்றோர் கண்ணீரோடு வீட்டில் முடங்கிவிடவில்லை. நோயாளி சம்மதித்தால், அவருடைய போதைப் பாதிப்பின் வரலாறு மருத்துவக் குறிப்பேட்டில் எல்லா மருத்துவர்களின் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வாமை இருந்தால் எழுதி வைப்பதில்லையா, அதுபோல. மேற்கு விர்ஜீனியாவின் செனட்டர் ஜோ மான்சின் இதற்கு "ஜெஸ்ஸி சட்டம்" என்று பெயரிட்டு மசோதா கொண்டுவந்தார். 2018 அக்டோபரில், போதை நோய்ச் சிகிச்சைக்கான ஒரு பெரிய சட்டத்தின் பகுதியாக அது நிறைவேறியது. மகள் இறந்து இரண்டரை ஆண்டுகள் கழித்து! இடைப்பட்ட காலத்தில் எத்தனை வீடுகளில் சாவு விழுந்திருக்கும்! 2023இல் மட்டும் அந்நாட்டில் அளவுக்கு மீறிய போதையால் இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் நான்கில் மூவர் இந்த அபினி வகையால் இறந்தவர்கள். 2024இல் எண்ணிக்கை எண்பதாயிரம் அளவுக்குக் குறைந்தது. மூச்சு நின்றவரை மீட்கும் நலோக்சோன் மருந்து கடைகளில் எளிதாகக் கிடைக்கும்படி செய்ததும், சிகிச்சை மருந்தை எழுத மருத்துவர்களுக்கு இருந்த தனி அனுமதி முறை 2022 டிசம்பரில் வந்த சட்டத்தால் நீக்கப்பட்டதும் இதற்கு உதவின என்பது பலரின் கருத்து.

அந்தச் சிகிச்சை மருந்து பற்றித்தான் நம்மில் பலருக்குத் தயக்கம். மெதடோன், பியூப்ரெனார்ஃபின் ஆகிய இரண்டும் அபினி வகையே. ஆனால் உடலில் மெதுவாகச் செயல்பட்டு, ஏக்கத்தையும் நடுக்கத்தையும் அடக்கி, மனிதரை வேலைக்கும் வீட்டுக்கும் திரும்பச் செய்கின்றன. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2014 ஜூன் மாதத்தில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும், மாற்று மருந்துகள் போதுமான சிகிச்சை அல்ல என்ற பொருளில் பேசினார். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு மனிதனைச் சமூகம் கைகழுவிவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானது. என்றாலும், மருந்தோடு கூடிய சிகிச்சையில் நிலைத்திருப்பவர்களின் இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் 2005இல் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுக்கொள்வதை நாம் பலவீனம் என்று சொல்வதில்லை. மருந்தும் வேண்டும், மனிதரும் வேண்டும் என்பதே என் கருத்து. இறந்தவரை மனந்திருப்ப எந்தப் போதகராலும் முடியாது.

திருச்சபை என்ன சொல்கிறது? சிகிச்சைக்கு அல்லாமல் போதைப்பொருளைப் பயன்படுத்துவது பெரும் தீங்கு, கனமான குற்றம் என்று மறைக்கல்வி நூலின் 2291ஆம் எண் தெளிவாகப் போதிக்கிறது. அதே நூலின் 1735ஆம் எண், பழக்கம், அச்சம், உளவியல் காரணங்கள் முதலியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கவோ நீக்கவோ கூடும் என்கிறது. முதல் எண் நமக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவதை மறையுரைகளில் நான் அதிகம் கேட்டதில்லை.

இந்த இரண்டுக்கும் இடையே சிக்கித் தவித்த ஒருவர் இன்று பீடத்தில் வணங்கப்படும் புனிதர். சீனாவைச் சேர்ந்த மாற்கு ஜி தியான்சியாங் ஒரு மருத்துவர்; ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்த்தவர். கடும் வயிற்று நோய்க்காக அபினி எடுத்துக்கொண்டு அதற்கே அடிமையானார். திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் விட முடியவில்லை. இவர் உண்மையாக மனம் வருந்தவில்லை என்று எண்ணிய குரு, பழக்கத்தை விடும்வரை பாவமன்னிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். ஏறக்குறைய 30 ஆண்டுகள் நற்கருணையின்றி வாழ்ந்தார் மாற்கு. ஆனாலும் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. 1900 ஜூலையில், பாக்சர் கலகத்தின்போது குடும்பத்தாருடன் பிடிபட்டார். தம் வீட்டார் எவரும் தனியாகச் சாகக்கூடாது என்று, தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டு உயிர் துறந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000 அக்டோபர் 1ஆம் நாள் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் அபினியை வென்றதாகச் செய்தி இல்லை. அந்தக் குருவை நான் குறை சொல்லப் போவதில்லை. அக்காலத்தில் இதை நோய் என்று அறிந்தவர்கள் குறைவு. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

நம் நாட்டிலும் இது தூரத்துச் செய்தி அல்ல. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, அபினி வகைப் பொருட்களைப் பயன்படுத்துவோர் மக்கள்தொகையில் ஏறக்குறைய 2.1 விழுக்காடு என்று கணித்தது. தமிழகத்தில் வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் படிக்கிறோம். சென்னையில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிறுவனம் தொடங்கினார். கிரப் தம்பதியர் செய்ததை நம் மண்ணிலேயே ஒரு பெண் அதற்கு வெகு காலம் முன்பே செய்திருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு, புற்றுநோயில் துடிக்கும் பெற்றோருக்கு மார்ஃபின் வேண்டாம் என்று யாரும் மறுத்துவிடாதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் வலி தணிப்பதைத் திருச்சபை அனுமதிக்கிறது. 2014இல் நம் சட்டமும் அதற்காகவே திருத்தப்பட்டது. வலியைப் பொறுத்துக்கொண்டால் புண்ணியம் என்று மற்றவரின் வலியை வைத்து நாம் தீர்மானிக்கக் கூடாது.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஜெஸ்ஸியின் பெற்றோர் சொல்லியும் தகவல் போய்ச் சேரவில்லை என்பதால், ஒவ்வொரு மருத்துவர் மாறும்போதும், வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் மீண்டும் சொல்லுங்கள். சீட்டில் எழுதியும் கொடுங்கள். மாத்திரைகள் மற்றொருவரின் கையில் இருக்கட்டும், எண்ணிக் கொடுக்கட்டும். போலீசுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்; சிறு அளவில் பயன்படுத்தியவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.

ஏற்கெனவே பிள்ளையை இழந்தவர்கள், இந்தச் சாவுக்குத் திருப்பலிக் கருத்து கொடுக்கலாமா என்று தயங்குவதுண்டு. தயங்க வேண்டாம். சீன மறைசாட்சியரின் நினைவு நாளான ஜூலை 9 அன்று மாலைத் திருப்பலியை நம் பங்கில் அவர்களுக்காகவே ஒப்புக்கொடுக்கிறோம். பெயரை எழுதிக் கொடுக்கலாம்; எழுத மனமில்லாதவர்கள் வந்து அமர்ந்திருந்தாலே போதும்.