நாடகம் ஒன்று, படச்சுருள் 6,000 அடி

35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். மௌனப் படத்தை நொடிக்கு 16 பிரேம் வேகத்தில் ஓட்டினால் ஓர் அடி ஒரு நொடியில் தீர்ந்துவிடும். சென்னையில் ஆர். நடராஜ முதலியார் 1917–18இல் எடுத்த ‘கீசக வதம்’ 6,000 அடி. அதாவது 96,000 பிரேம், 100 நிமிடம். செலவு 35,000 ரூபாய். மேடையில் பலமுறை ஆடப்பட்ட மகாபாரதக் கதை அது. சுகுண விலாச சபை நடிகரான வழக்கறிஞர் ரங்கவடிவேலு உதவிக்கு நின்றார். ஓர் அடிக்கு, அல்லது திரையில் ஒரு நொடிக்கு, விழுந்த செலவு 5 ரூபாய் 83 சதம்.

இந்தத் தொகையை இலங்கையின் மாத்தளைத் தோட்டக் கூலியில் வைத்துப் பார்க்கலாம். இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் அப்போது ஒரே மதிப்பில் இருந்தன. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி 1929இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, நடுநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைகளுக்கு 31 சதம். மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம். நக்கிள்ஸ் சரிவிலுள்ள உயரமான தோட்டங்களுக்கு இரண்டாவது வீதத்தை எடுத்தாலும் வேறுபாடு 2 சதமே, முடிவு மாறாது. திரையில் ஓடும் ஒரு நொடிக்கு ஓர் ஆணின் 11 நாள் உழைப்பு, ஒரு பெண்ணின் 14 நாள் உழைப்பு. படம் முழுவதற்கும் 67,308 ஆண் நாட்கள். ஆண்டுக்கு 300 வேலைநாள் என்றால் 224 ஆண்டுகள். படமும் கூலி வீதமும் ஏறத்தாழ 12 ஆண்டு இடைவெளி உள்ளவை என்பதால் இந்த ஒப்பீடு துல்லியமானதல்ல. இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை மட்டும் அது காட்டும்.

அந்தப் படம் ஈட்டியது 50,000 ரூபாய். வசூல் வந்த இடங்கள் இந்தியா, பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர். லாபம் 15,000 ரூபாய், முதலுக்கு 43 சதவீதம். முதல் தென்னிந்தியப் படத்தின் கணக்கிலேயே இலங்கை இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ்ப் படத்துக்குக் கடல் தாண்டிய சந்தை பேசும் படத்தோடு வந்ததல்ல; பேசாத படமே அதைத் திறந்தது.

ஏன் திறக்க முடிந்தது என்பதற்கு எடை ஒரு விடை. 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 2.3 கிலோ. 6,000 அடி, தகரப் பெட்டியை விட்டுவிட்டால், 14 கிலோ. ஒரே ஆள் தூக்கக்கூடிய சுமை. கண்டி–மாத்தளை ரயில் பாதை 1880இலேயே போடப்பட்டுவிட்டது. நடிகர், பக்கவாத்தியம், திரைச்சீலை, உடைப்பெட்டி என்று ஒரு நாடகக் குழுவை அந்தப் பாதையில் ஏற்றுவதற்கும் 14 கிலோவை ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பெருக்கல் தேவையில்லை.

இப்படிக் கடல் தாண்டி வரும் படங்கள் பற்றிய கேள்வி பிரிட்டனில் சட்டமாக வந்தது. அங்கே திரையிடப்பட்ட படங்களில் உள்நாட்டுப் படங்களின் பங்கு 1914இல் 25 சதவீதம். 1926இல் 5 சதவீதம். மீதியில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள். 1927ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் விநியோகஸ்தருக்கு 7.5 சதவீதம், அரங்குகளுக்கு 5 சதவீதம் எனக் கட்டாயப் பங்கு வைத்து, இரண்டையும் படிப்படியாக 20 சதவீதத்துக்கு உயர்த்த வகை செய்தது. பங்கை நிரப்பப் படம் வேண்டும், படத்துக்குக் கதை வேண்டும். ஏற்கெனவே ஆட்களை இழுத்துக் காட்டிய கதை மேடையில் கிடைத்தது. ஈடன் பில்பாட்ஸின் ‘தி பார்மர்ஸ் வைஃப்’ 1916இல் பர்மிங்காமில் மேடையேறி, 1924இல் லண்டனுக்கு வந்து, 1,300 முறைக்கு மேல் நடந்த நகைச்சுவை நாடகம். வாரத்துக்கு 8 காட்சி என்றால் 162 வாரம். 1928இல் ஹிட்ச்காக் அதை மௌனப் படமாக்கினார்.

அதே சட்டத்தில் இன்னோர் எண் உண்டு: 75. சம்பளத் தொகையில் குறைந்தது 75 சதவீதம் பிரிட்டிஷ் பிரஜைகளுக்குப் போயிருந்தால்தான் அது பிரிட்டிஷ் படம். சென்னையிலும் மாத்தளையிலும் வாழ்ந்தவர்களும் சட்டத்தின் கண்ணில் பிரிட்டிஷ் பிரஜைகளே. நிரஞ்சன் பாலின் நாடகத்திலிருந்து, இந்திய நடிகர்களைக் கொண்டு, ஹிமான்சு ராயும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் ஜெர்மனியின் உஃபாவும் சேர்ந்து எடுத்த ‘ஷிராஸ்’ வந்ததும் 1928இல்தான். அதே ஆண்டுகளில், திரைத்துறையை ஆராய்ந்த ரங்காச்சாரியார் குழு இந்தியாவில் எடுத்த கணக்கில், 1926–27இல் வெளியான படங்களில் இந்தியப் படங்கள் 15 சதவீதம், அந்நியப் படங்கள் 85 சதவீதம். பேரரசுப் படங்களுக்குச் சலுகை தரும் யோசனையைக் குழு ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

படத்தைத் தூக்கிச் செல்வது மலிவு, அதில் வரும் எழுத்தைப் படிப்பதுதான் கடினம். நாடகத்தின் உயிர் பேச்சு. மௌனப் படத்தில் அது எழுத்து அட்டையாகச் சுருங்கியது. சொல்லுக்கு ஏறத்தாழ ஓர் அடி என்பது அந்தக் காலத்து வழக்கம். 12 சொல் வசனத்துக்கு 12 நொடி அட்டை. ‘கீசக வத’த்துக்கு ஆங்கிலம், தமிழ், இந்தி என மூன்று மொழிகளில் அட்டை இருந்தது. இலங்கையில் எழுத்தறிந்தோர் 1921இல் 39.9 சதவீதம், தோட்ட மக்களிடையே அதைவிடக் குறைவு. 10 பேர் உட்கார்ந்தால் 6 பேருக்கு எந்த மொழி அட்டையும் வெறும் கோடு. 1946இல் இது 57.8 சதவீதம். அப்போதும் 10க்கு 4 பேர் வெளியே. மறு ஆண்டு, 1947 ஜனவரி 21இல், முதல் சிங்களப் பேசும் படம் ‘கடவுணு பொரொந்துவ’ வெளியானது. பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மேடை நாடகம், தயாரித்தவர் எஸ். எம். நாயகம், படப்பிடிப்பு மதுரையில். அட்டை இல்லாமலே கதை காதுக்கு எட்டியது.

மிச்சக் கணக்கு கசப்பானது. அமெரிக்காவில் 1912–29இல் வந்த 10,919 முழுநீள மௌனப் படங்களில் மூல வடிவில் முழுதாக எஞ்சியவை 14 சதவீதம். ஹிட்ச்காக் இயக்கி முடித்த 10 மௌனப் படங்களில் 9 கிடைக்கின்றன. இலங்கையின் முதல் மௌனப் படமான ‘ராஜகீய விக்ரமய’ (1925) பம்பாயிலும் சிங்கப்பூரிலும் ஓடிய பின், இலங்கையில் திரையிடப்படும் முன்பே தீயில் போனது: 0 அடி. ‘கீசக வதம்’ 0 அடி.

நாகர்கோவிலில் ஆர். சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) 11,905 அடி. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருப்பது 7,915 அடி, 66.5 சதவீதம். போன 3,990 அடி, நொடிக்கு 16 பிரேம் வேகத்தில், 66 நிமிடத்துக்குச் சற்று மேல். இவ்வளவாவது தப்பியதற்குக் காரணம் பாதுகாப்புத் திட்டம் எதுவும் அல்ல. படத்துக்கு மூலமான நாவலின் உரிமை பற்றிய வழக்கில் படம் நிறுத்தப்பட்டு, சுருள் அந்த நாவலின் பதிப்பகத்தின் கையில் சிக்கி, 1974இல் காப்பகம் வாங்கும்வரை 41 ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது.