அடுத்த மாதம் பார்க்கலாம்

பல்வலிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. பகலெல்லாம் அடங்கியிருந்து, ஊர் உறங்கிய பிறகு தலை தூக்கும். அதுவும் மாதத்தின் கடைசி வாரமாகப் பார்த்து வரும். வலி ஒரு பங்கென்றால், விடிந்ததும் வைத்தியர் எவ்வளவு கேட்பாரோ என்னும் கவலை மூன்று பங்கு. இவ்விரண்டும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்த இரவுகளை அறியாத குடும்பங்கள் நம்மிடையே சொற்பம்.

நாமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம். சில வருஷங்களுக்கு முன் நமது கீழ்க் கடைவாய்ப் பல்லில் கடுகளவு கறுப்புப் புள்ளி தோன்றியது. வைத்தியர் பார்த்து, இப்போதே அடைத்துவிடலாம் என்று சொல்லி, சில நூறு ரூபாய் கேட்டார். தனியார் பள்ளி உபாத்தியாயரின் கணக்குப் புத்தகத்தில் வாடகைக்கு இடம் உண்டு, அரிசிக்கு உண்டு, குழந்தைகளின் படிப்புக்கு உண்டு. பல்லுக்கு இடமில்லை. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று திரும்பினோம். அந்த அடுத்த மாதம் பதினான்கு முறை வந்து போயிற்று.

கிராம்புத் தைலமும் உப்பு வெந்நீருமாகக் காலந்தள்ளினோம். ஒரு நாள் வலி தானாகவே நின்றது. பல் நம்மிடம் இரக்கங்கொண்டதென்று மகிழ்ந்தோம். உண்மையில், பல்லுக்குள்ளிருந்த நரம்பு செத்துப் போயிருந்தது. சேதி சொல்லும் தூதன் மாண்டான். சீழ் மாத்திரம் வேலையை நிறுத்தவில்லை. கன்னம் வீங்கிப் போய் நின்றபோது வைத்தியர் சொன்ன தொகை ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. வேர் சிகிச்சைக்கு வழியின்றிப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தோம்.

பல்லின் மேலுறையாகிய எனாமல் நமது உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அழிந்துபோன எனாமல் தோலைப்போல மறுபடி வளர்வதில்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலை அரிக்கிறது. சொத்தை மேலாக இருக்கும்வரை பெரும்பாலும் வலி தெரியாது. செலவு குறைவாயிருப்பதும் அப்போதுதான். வலி தெரியும்போது அது உள்ளே வெகுதூரம் போயிருக்கும். ஆகவே, வலி வரட்டும் என்று காத்திருப்பது சிக்கனமன்று. அது வட்டி ஏறும் கடன்.

சென்ற வருஷம் நமது பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தகப்பனார் ஆட்டோ ஓட்டுகிறவர். "பால் பல்தானே சார், விழுந்து முளைச்சுடும்" என்றார். அது பால் பல் அல்ல. சுமார் 6 வயதில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும் கடைவாய்ப் பல் அது. ஆயுள் முழுதுக்கும் அது ஒன்றுதான். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிற்று. சற்று நேரங் கழித்து, "அடுத்த மாசம் பார்க்கலாம் சார்" என்றார். நமது வார்த்தையே திரும்பி வந்து நம்மைச் சுட்டது.

மறுநாள் மூவருமாக ஓர் அரசாங்கப் பல் மருத்துவமனைக்குப் போனோம். அரை நாள் காத்திருக்க நேர்ந்தது. அந்த அரை நாள் சவாரியை இழப்பதும் ஏழைக்கு ஒரு செலவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சிறுவனின் பல் பிழைத்தது.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ஆர். அகமது 1920-ம் வருஷம் கல்கத்தாவில் தோற்றுவித்தார். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசினர் பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் நடந்து வருகிறது. சிதம்பரத்தில் 1980 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. இத்தகைய இடங்களில் ஆசிரியரின் மேற்பார்வையில் மாணாக்கர் சிகிச்சை செய்வார்கள். வெளியில் ஆகும் செலவு அங்கே ஆகாது. அங்கே போவதற்கு வெட்கப்படுகிறவர் பலர். உபாத்தியாயர் என்ற முறையில் ஒன்று சொல்வோம்: நோயாளி இல்லாமல் அந்த மாணாக்கருக்குப் படிப்பு இல்லை. ஆகவே அங்கே வாயைத் திறக்கிறவர் உதவி பெறுவதோடு உதவியும் செய்கிறார். மேலும், உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ம் வருஷத்து அறிக்கைப்படி, வாய் நோயுள்ளவர்கள் உலகில் ஏறக்குறைய 350 கோடிப் பேர். இதில் யாருக்கு யார் வெட்கப்படுவது?

இரண்டு விஷயங்களை மாத்திரம் எந்த மாதத்துக்கும் தள்ளலாகாது. வீக்கம் கழுத்துக்கு இறங்கி, ஜுரமோ, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமோ உண்டானால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் தாமதியாமல் காட்டவேண்டும். வலிக்கென்று புகையிலையை அடக்கிக்கொள்ளும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது புற்றுநோய்க்கு வாசலைத் திறந்து வைப்பதாகும். மற்றபடி, புளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் துலக்குவதும், இடையிடையே தித்திப்பைக் குறைப்பதுமே ஏழைக்கு ஏற்ற மலிவான வைத்தியம்.

நமது கணக்குப் புத்தகத்தில் இப்போது பல்லுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம். மாதம் சேருவது சிறு தொகைதான். ஆனாலும் அதை வேறு செலவுக்கு எடுக்கத் தோன்றும்போதெல்லாம், நாக்கு தானாகவே போய் அந்தக் காலியிடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது.